நான் எழுதிக் கொடுத்த சாட்சி

என் தங்கையின் மார்பில் இருந்த கட்டி கரைந்துபோயிற்று என்று எழுதியவன் நான். அது கரையவில்லை. கரையவில்லை என்று தெரிந்தே எழுதினேன் என்றால் அதுகூட என்னைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்வதாகும். பொய் சொல்பவனுக்கு உண்மை என்ன என்றாவது தெரியும். நான் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை.

இதை எழுத உட்காரும்போதெல்லாம் எனக்குள் எழுவதற்கு ஒரு பெயர் தேடினேன். வருத்தம், துக்கம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவை மரியாதையான சொற்கள், எனக்குப் பொருந்தவில்லை. அழுகிய பண்டத்தைத் தெரியாமல் கடித்துவிட்டால் நாக்குக்கு வருமே, அந்த அருவருப்புதான். அந்தப் பண்டம் நானாக இருப்பதால் துப்பவும் முடியவில்லை.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் தத்துவம் கற்பித்தேன். சமயத் தத்துவம் என்னுடைய தாள். கடவுள் உண்டா, உண்டென்றால் குழந்தைகள் ஏன் நோயில் சாகின்றன, எல்லாம் அறிந்தவரிடம் மனிதன் எதற்காக விண்ணப்பம் போட வேண்டும், அற்புதம் நடந்தது என்று ஒருவர் சொன்னால் எந்த நிலையில் நம்பலாம் என்று ஐந்து அலகுகள். அற்புதத்துக்கு வரும்போது நான் எப்போதும் ஒரே உதாரணம் சொல்வேன். காலையில் பால்காரர் வந்து, செம்பாக்கம் ஏரியின்மேல் ஒருவன் நடந்துபோனதைப் பார்த்தேன் என்கிறார். ஏரியின்மேல் மனிதன் நடப்பது அதிக அதிசயமா, பால்காரர் தவறாகப் பார்த்தது அதிக அதிசயமா? பையன்கள் சிரிப்பார்கள். பிறகு நல்ல சாட்சிக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று பலகையில் எழுதுவேன். படித்தவராக இருக்க வேண்டும். சொல்வதால் அவருக்கு ஆதாயம் இருக்கக் கூடாது. பொய் என்று தெரிந்தால் இழப்பதற்கு அவரிடம் நற்பெயர் இருக்க வேண்டும். அப்படி ஒரு சாட்சி இதுவரை எந்த அற்புதத்துக்கும் கிடைத்ததில்லை என்று முடித்து, சாக்பீஸ் தூசியைத் தட்டுவேன்.

நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்தான். எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். வகுப்பில் பேசியதற்கும் பாடல் புத்தகத்தைத் திறந்து பாடியதற்கும் நடுவே நான் ஒரு பாலம் கட்டியிருந்தேன். சமய வாக்கியங்கள் தகவல் சொல்ல வந்தவை அல்ல. நன்றியையும் பணிவையும் காட்ட வந்தவை. ஆகவே அவற்றை மெய் பொய் என்று அளக்கக் கூடாது என்பது என் கட்சி. அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரைகூட எழுதியிருந்தேன். ஏழெட்டுப் பேர் படித்திருப்பார்கள்.

நான் ஓய்வு பெற்ற சமயத்தில் தங்கையும் அவள் கணவரும் கூடுவாஞ்சேரிக்குக் குடிபோனார்கள். அவர் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயலாக இருந்த இடத்தில் கல் நட்டு, கலர் கொடி கட்டி விற்ற மனைகளில் ஒன்றை வாங்கி வீடு கட்டியிருந்தார். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். பிள்ளைகள் இல்லை. புது இடத்தில் பேச்சுத் துணை இல்லாமல் இருந்தவளை, பக்கத்துத் தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் கூடிய ஒரு சிறு ஜெபக்கூட்டம் சேர்த்துக்கொண்டது. அதில் அவள் சந்தோஷமாக இருந்தாள். இதையும் நான் ஒளிக்கக் கூடாது.

கட்டியைப் பற்றி அவள் முதலில் என் மனைவியிடம்தான் சொன்னாள். இடது மார்பில், நெல்லிக்காய் அளவு. மனைவி அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டாள்.

"எண்ணெய் பூசி ஜெபம் பண்றாங்களாம். பண்ணட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா டாக்டர்கிட்டயும் காட்டணும். நீங்க சொன்னா கேப்பா. போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை போனேன். என்னைக் கண்டதும் அவள் மீன் வாங்கப் பையை எடுத்துவிட்டாள். ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தையில் கோவளத்திலிருந்து வரும் ஒரு பெண்ணிடம்தான் அவள் வாடிக்கை. நாற்பது வயதிருக்கும், வெற்றிலை வாய். பக்கத்தில் ஒரு கிழவி குந்தி உட்கார்ந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, இந்தக் கைல பை கீது. அந்தக் கைய இன்னாத்துக்கு மடக்கி வெச்சிக்கினுகீற?"

"சுளுக்கு" என்றாள் தங்கை.

"சுளுக்காம் சுளுக்கு. நீ கை வெக்கிற எடத்துல எந்தச் சுளுக்கும் வராது. எங்க மாமியாளும் இப்டித்தான் ஒரு வருசம் சுளுக்கு சுளுக்குன்னு ஏமாத்திக்கினு இருந்துச்சு."

தங்கை குனிந்து மீனைப் புரட்டினாள். "அப்புறம்?" என்று கேட்டது நான்தான்.

"அப்புறம் இன்னா சார், பெரியாஸ்பத்திரிக்கு இஸ்துக்கினு போனேன். ஒரு பக்கம் அறுத்து எடுத்துட்டாங்க. ஏழு வருசம் ஆவுது. தோ, கெழவி குந்திக்கினுகீது பாரு. தெனம் என்னியத் திட்டுது. செத்திருந்தா திட்டுமா?"

"யார்றி கெழவி? உங்க ஆத்தாடி கெழவி" என்றாள் கிழவி, தலையைத் தூக்காமல்.

"கேட்டுக்கினியா டீச்சரம்மா? திங்கக்கெழமையே போ. ஜெபம் எங்க ஓடிப்புடப் போவுது? வந்து பண்ணிக்கோ. நாங்களும் ஆத்தாளுக்குக் கூழு ஊத்தினோம், ஊத்தாம இல்ல. அறுத்துட்டு வந்து ஊத்தினோம்."

தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பி நடக்கும்போது, "வியாழக்கிழமை போலாமா அண்ணா? நீங்க கூட வரணும். இவர்கிட்ட சொன்னா பாஸ்டரைக் கேக்கணும்பார். நாம ரெண்டு பேரும் போய்ட்டு வந்துடலாம்" என்றாள். சரி என்றேன். தாம்பரத்தில் நான் ரயிலடியில் நிற்பது, அவள் ஒன்பது மணி வண்டியில் வந்து இறங்குவது, அங்கிருந்து இருவரும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது என்று பேசி முடித்தோம்.

திங்கட்கிழமை அவர்களுடைய போதகர் பைக்கில் என் வீட்டுக்கு வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். அவரை அயோக்கியராக எழுதிவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியம்.

"ஐயா, சிஸ்டர் வெள்ளிக்கிழமை ஜெபத்துல ஒரு வார்த்தை சொன்னாங்க. கட்டி கொஞ்சம் சின்னதான மாதிரி இருக்குன்னு. எங்க ஜனங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க சாட்சியா வாசிக்கணும். எங்க மாசப் பத்திரிகைலயும் போடணும்."

"நல்லது" என்றேன்.

"எங்க ஆளுங்க எழுதினா வந்தேன் போனேன்னு இருக்கும். புரொஃபசர் ஐயா எழுதிக் குடுத்தா அதுக்கு ஒரு வெயிட். கடைசில ஒரு வரி மட்டும். கல்லூரிப் பேராசிரியரான இவருடைய அண்ணனும் இதற்குச் சாட்சி அப்படின்னு. படிச்சவங்களும் ஒத்துக்கிறாங்கன்னு ஜனங்களுக்குத் தெரியட்டும்."

இந்த வழக்கத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆராதனைக்கு நடுவே ஒருவர் எழுந்து நின்று, தனக்குக் கிடைத்த நன்மையை எல்லோருக்கும் முன்னால் சொல்வதைத்தான் சாட்சி என்கிறோம். சொன்ன பிறகு அது அவர் சொத்தல்ல, சபையின் சொத்து. திரும்ப வாங்க முடியாது. எங்கள் பழைய கோயில்களில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. அந்தக் கொட்டகையில் அதுதான் உயிர்.

வியாழக்கிழமை நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரை வந்தது. அவர் "வெயிட்" என்று சொன்னாரே, அது அதற்குள் உள்ளே இறங்கிவிட்டது. ஓய்வு பெற்று ஒன்றரை வருடம். அதுவரை யாரும் என்னிடம் எதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. மாணவர்கள் பொங்கலுக்கு அட்டை அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள். அந்த மனிதர் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரத்தில் முடித்தேன். பிறகு இரண்டு முறை திருத்தி எழுதினேன், ஓசைக்காக. 'சின்னதான மாதிரி இருக்கு' என்பதை வைத்துக்கொண்டு ஒரு பத்தியை முடிக்க முடியாது. அதற்கு உச்சம் இல்லை. ஆகவே, 'நெல்லிக்கனி அளவு இருந்த கட்டி, காலை வெயிலில் பனி கரைவதுபோல மூன்றே வாரத்தில் கரைந்து மறைந்தது' என்று எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன். என்னை நானே மெச்சிக்கொள்ளும்போது அப்படிப் போய் நிற்பது என் வழக்கம்.

மனைவி வாங்கிப் படித்தாள்.

"கூடுவாஞ்சேரியில எங்கங்க பனி?"

"உவமை."

"அது இருக்கட்டும். கரைஞ்சு மறைஞ்சுதுன்னு அவ சொன்னாளா?"

"சாட்சின்னா அப்படித்தான் எழுதுவாங்க. அது ஒரு வகை எழுத்து. மெடிக்கல் ரிப்போர்ட் இல்ல. அவளோட நன்றியைச் சொல்றதுக்கு ஒரு பாஷை."

"வியாழக்கிழமை டாக்டர்கிட்ட எந்தப் பாஷைல சொல்லப் போறீங்க?"

அவளுக்குத் தத்துவம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அவள் பத்து வரை படித்தவள்.

புதன்கிழமை மாலை தங்கைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குரலை இறக்கி ஏற்றி.

"ரொம்ப நல்லா இருக்குண்ணா. ஆனா கரைஞ்சிடுச்சுன்னு நான் சொல்லலியே. சின்னதான மாதிரிதானே..."

"மாதிரின்னு எழுதினா விசுவாசமில்லாத மாதிரி இருக்கும்மா. நீ நம்புறேல்ல?"

"நம்புறேன்."

"அதைத்தான் எழுதியிருக்கேன். நம்பிக்கை பேசற விதம் வேற, அளவுகோல் பேசற விதம் வேற."

"நீங்க சொன்னா சரியாத்தான்ணா இருக்கும்." பிறகு கேட்டாள்: "நாளைக்கு ஒன்பது மணி வண்டிதானே?"

இனி எழுதப்போகும் வரிதான் என்னால் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது. நான், "ஞாயிற்றுக்கிழமை முடியட்டுமே. வாசிச்சிட்டு அடுத்த வாரம் போலாம்" என்றேன்.

ஏன் சொன்னேன்? வியாழக்கிழமை மருத்துவர் கை வைத்துப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அதை வாசிக்க முடியாது. அவ்வளவுதான். இதற்குப் பின்னால் ஆழமாக எதுவும் இல்லை. என் ஒன்றரைப் பக்கம் வீணாகிவிடக் கூடாது. ஐந்து அலகுகளையும் முப்பத்திரண்டு வருடம் கற்பித்த மூளை அந்த ஒரு நொடியில் செய்த கணக்கு அது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன், கேட்பதற்கு. கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், தலைக்கு மேல் தகரம் சுட்டது. அவள் நீலப் புடவை கட்டியிருந்தாள். காகிதத்தைப் பார்த்து வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல வாசித்துக்கொண்டே வந்தவள், நெல்லிக்கனி வந்ததும் நின்றுவிட்டாள். தலையைத் தூக்கி என்னைத் தேடினாள். கண்டுபிடித்து ஒரு கணம் பார்த்தாள். நான் வாசி என்பதுபோலத் தலையசைத்தேன். மேடையில் பாடம் மறந்த குழந்தைக்குத் தலையசைப்போமே, அப்படி. வாசித்தாள். நாற்காலிகளில் அழுகைச் சத்தம் எழுந்தது. கடைசி வரி வந்ததும் ஐம்பது தலைகள் திரும்பி என்னைப் பார்த்தன. நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். பார்ப்பவர்களுக்கு அது பணிவாகத் தெரிந்திருக்கும். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் வந்த சிரிப்பு.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். நான் போய்க் கேட்டேன்.

"எப்படிண்ணா போறது? அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரி வரிசைல உக்காந்திருக்கறதை நம்ம சபை ஆளுங்க யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க? என்னை நம்பி ரெண்டு பேர் மாத்திரையை நிறுத்தியிருக்காங்க."

அவள் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "மச்சான், நீங்களே சாட்சி எழுதி, நானும் சாட்சின்னு போட்டுட்டு, நீங்களே ஆஸ்பத்திரிக்கும் கூப்பிட்டா எப்படி? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். நான் எழுதியது பொய், கிளம்பு என்று சொல்லியிருக்கலாம். ஆறு சொற்கள்கூட இல்லை. நான் என்ன செய்தேன் என்றால், நம்பிக்கையும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்று அரை மணி நேரம் பேசினேன். இரண்டு தரப்பு வாதங்களையும் அழகாக எடுத்து வைத்தேன். தங்கை மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் நடுவில் எழுந்து தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் போனார். நான் காபி குடித்துவிட்டு ரயில் ஏறினேன். ஏறும்போது மனசு லேசாக இருந்தது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டவனைப்போல.

ஏழு மாதம் அப்படிப் போயிற்று. அவள் தாம்பரம் வருவதை நிறுத்தினாள். நாங்கள் போனால் பவுடர் வாசனை தூக்கலாக இருக்கும். பவுடருக்கு அடியில் வேறொன்று இருந்தது. எனக்குத் தெரிந்தது. ஜன்னல் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார ஆரம்பித்தேன். ஒருநாள் என் மனைவி அவளைக் குளியலறைக்குள் தள்ளிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்தபோது மனைவியின் கையில் ஒரு துணிச் சுருள் இருந்தது. பழைய வேட்டித் துணி, மஞ்சளும் பழுப்புமாக நனைந்திருந்தது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க. உங்க பனி."

நான் வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தேன். அந்த நாற்றத்தை அவள் ஏழு மாதமாகத் தன் உடம்போடு கட்டி வைத்திருந்தாள். எனக்கு ஒரு நிமிடம் தாங்கவில்லை.

ஆட்டோ பிடித்து அன்றைக்கே கொண்டுபோனோம். பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் மருத்துவர் பார்த்தார். கையுறையைக் கழற்றியபடி, "எப்பலேர்ந்து இருக்கு? முதல்ல பார்த்தப்பவே ஏன் வரல? யார் தடுத்தாங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவள் கணவரைப் பார்த்தார்.

"யாரும் தடுக்கல டாக்டர். நான்தான் கவனிக்கல" என்றாள் தங்கை.

பிறகு என் பக்கம் திரும்பி, லேசாகத் தலையசைத்தாள். அவள் வாழ்நாளில் தெரிந்தே சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதையும் எனக்காகச் சொன்னாள். வாங்கிக்கொண்டேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று மாதம் இருந்தாள். முதுகெலும்புக்குப் போய்விட்டது. கடைசி வாரங்களில் யாரையும் குறை சொல்லவில்லை, கடவுளையும்கூட. மருந்து கொஞ்சம் தெளிவு தரும் நேரங்களில் மெதுவாக ஜெபம் செய்தாள். எதைக் கேட்டாள் என்று நான் காது கொடுக்கவில்லை. பயமாக இருந்தது.

பெட்டியை வீட்டில் வைத்திருந்தபோது ஒவ்வொருவராக வந்து விளக்கம் சொன்னார்கள். சோதித்துப் பொன்னாக்குகிறார் என்றார் ஒருவர். நமக்கு ஒரு பக்கம்தான் தெரிகிறது, மேலிருந்து பார்த்தால் முழுப் படமும் தெரியும் என்றார் இன்னொருவர். இதைவிடப் பெரிய துன்பத்திலிருந்து விலக்கி எடுத்துக்கொண்டார் என்றார் போதகர். நான் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாவது இரண்டாம் அலகு, பலவீனமான வடிவம். இரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவதில் ஓட்டை இருக்கிறது. அந்தப் பெரிய துன்பத்தை முதலில் உண்டாக்குவது யார்? என் மனம் தன்பாட்டுக்கு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தது. தங்கையின் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். அந்தப் பஞ்சைப் பார்த்தபடியே மதிப்பெண் போட்டேன். அடக்கம் முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டார் கொண்டுவந்த இட்லியில் ஐந்து சாப்பிட்டேன். நல்ல பசி.

அவர்கள் சொன்ன ஒவ்வொரு விளக்கமும் எனக்கு ஏன் இனித்தது என்பது பிறகுதான் புரிந்தது. எல்லாவற்றிலும் பழி மேலே போயிற்று. கடவுள் ஏன் இதை அனுமதித்தார் என்று கேட்கும்வரை, வியாழக்கிழமை ஒன்பது மணி வண்டியை யார் ரத்து செய்தது என்ற கேள்வி எழாது. முப்பத்திரண்டு வருடம் கற்பித்த பெரிய கேள்விக்குள் ஒரு சின்ன மனிதன் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருந்தது.

அவள் இறந்து நான்கைந்து மாதம் இருக்கும். தாம்பரம் ரயிலடி மேம்பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையில் ஒரு துண்டுத்தாளைத் திணித்தார், எங்கள் வழக்கில் கைப்பிரதி. நான்கு வரி படித்ததும் கால் நின்றுவிட்டது. கூடுவாஞ்சேரி சகோதரி ஒருவரின் அற்புத சாட்சி. நெல்லிக்கனி. காலை வெயில். பனி. அடியில், கல்லூரிப் பேராசிரியரான இவருடைய அண்ணனும் இதற்குச் சாட்சி.

"இவங்க இறந்துட்டாங்க, தெரியுமா?" என்று கேட்டேன்.

"யாரு ஐயா?"

"இதுல இருக்கறவங்க."

"அப்படியா? எங்களுக்கு அச்சடிச்சுக் குடுத்தாங்க, நாங்க குடுக்கறோம். நல்ல சாட்சிங்கய்யா. நிறைய பேர் தொடப்பட்டிருக்காங்க." அவருக்கு என்னைப் பார்த்தால் இரக்கமாக இருந்திருக்க வேண்டும். "உங்களுக்கு இன்னும் வேணுமா?"

"எல்லாத்தையும் குடுங்க."

"ஊழியத்துக்கா ஐயா? எடுத்துக்கோங்க."

ஆமாம் என்றேன். கட்டை வாங்கிக்கொண்டுபோய் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற சாக்கடையில் கிழித்துப் போட்டேன். தண்ணீர் ஓடவில்லை. தாள்கள் அப்படியே மிதந்தன. அவற்றில் சில எழுத்துப் பக்கம் மேலே தெரியக் கிடந்தன. குடையின் முனையால் குத்தி அமிழ்த்தினேன். போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொட்டகைக்குப் போனேன். சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். சொன்னேன். என் தங்கையின் கட்டி கரையவில்லை. அவள் அப்படிச் சொல்லவும் இல்லை. நான் எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தவளை நான் நிறுத்தினேன். அந்தத் தாளை வைத்திருப்பவர்கள் கிழித்துப் போடுங்கள், கட்டி இருப்பவர்கள் மருத்துவரிடம் போங்கள். குரல் நன்றாக நின்றது, அதையும் கவனித்தேன்.

போதகர் கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பிரியமானவர்களே, இவ்வளவு படிச்ச ஒரு ஐயா, நம்ம எல்லார் முன்னாடியும் தன்னைத் தாழ்த்தி நிக்கறாங்க. சிஸ்டருடைய மரணத்தின் மூலமா அண்ணன் மனந்திரும்பியிருக்காங்க. இதைவிடப் பெரிய அற்புதம் என்ன வேணும்? ஸ்தோத்திரம் சொல்லுங்க!"

ஸ்தோத்திரம் என்றார்கள். கை தட்டினார்கள். என் தங்கை செத்ததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நான் திருந்துவதற்காகச் செத்திருக்கிறாள். மறுக்க வாயைத் திறந்தேன். பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள்.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். முப்பது, முப்பத்தைந்து வயது. பைபிளை மார்போடு அணைத்திருந்தாள்.

"ஐயா, அப்ப அந்த அக்காவுக்குக் கட்டி கரையவே இல்லீங்களா?"

"இல்லம்மா."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்ல. வளந்துச்சு."

அவள் பைபிளைத் திறந்தாள். நடுவில் அந்தக் கைப்பிரதி, நான்காக மடித்து, மடிப்பில் நைந்துபோய் இருந்தது. எத்தனை முறை பிரித்துப் படித்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு எத்தனை மாசமா?" என்று கேட்டேன்.

"ஆறு மாசமா. படப்பைலேர்ந்து வரேன். வீட்டுல யாருக்கும் தெரியாது."

"நாளைக்குக் காலைல தாம்பரம் ஸ்டேஷனுக்கு வாங்க. டிக்கெட் கவுண்டர்கிட்ட நிக்கறேன். என் மனைவியும் வருவாங்க. ஒன்பது மணி."

"வீட்டுக்காரர்கிட்ட என்ன சொல்லிட்டு வர்றதுன்னு தெரியலியே" என்றாள். அவள் கண் தாளிலேயே இருந்தது.

அப்போது போதகர் பின்னாலிருந்து வந்து என் தோளில் கை வைத்தார். "ஐயா, என்னமா பேசினீங்க! எலும்புக்குள்ள இறங்கிடுச்சு" என்றார். கூட நாலைந்து பேர் வந்து கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அவர்கள் பக்கம் திரும்பினேன். இரண்டு நிமிடம் இருக்கும்; மூன்றாகவும் இருக்கலாம். என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. பேர் கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை நானும் மனைவியும் கவுண்டர் அருகே நின்றோம். அதற்குப் பிறகு மூன்று முறை பேருந்து ஏறிப் படப்பைக்குப் போய், சந்தையிலும் பேருந்து நிறுத்தத்திலும் நின்று வருகிற பெண்களைப் பார்த்தேன். வயதானவன் இப்படிப் பார்ப்பதைக் கண்டு ஒருத்தி செருப்பைக் காட்டினாள். போதகரிடம் கேட்டால், "புதுசா நிறைய பேர் வர்றாங்க ஐயா, சரியா நினைவில்ல. அதுக்கப்புறம் வரல போலிருக்கு" என்றார். கைப்பிரதியை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். நிறுத்தியிருப்பார்.

அந்தப் பெண்ணின் முகம் இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. படப்பையில் எதிரே வந்திருந்தால்கூட அடையாளம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். நான் அன்று எழுந்து நின்று பேசிய பேச்சு மட்டும் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை நினைவிருக்கிறது.